பின்னால் தட்டுகிற கை

துணைக்கு வந்தவளுக்கு நாற்காலி கிடைத்து, கூட்டிக்கொண்டு போனவள் நின்றுகொண்டே திரும்பி வந்தால் வயிறு எரியுமா எரியாதா? எரியும். எரியாது என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். அவன் ஒன்று பொய்யனாக இருப்பான், இல்லாவிட்டால் அவனுக்கு ஏற்கெனவே நாற்காலி கிடைத்திருக்கும்.

பெரியவளுக்கு எரிந்தது.

பெரியவள் என்றால் அந்த வீட்டின் மூத்த மருமகள். சின்னவள் என்றால் இளைய மருமகள். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே மாமியார். இரண்டு பேரும் ஒரே பஸ் டிப்போவில் கண்டக்டர்கள். பெண் டிரைவர்கள் எடுக்கப்போகிறோம், கண்டக்டர்களும் பரீட்சைக்கு வரலாம் என்று டிப்போ சுவரில் காகிதம் ஒட்டிய அன்றைக்கே பெரியவள் முடிவு செய்துவிட்டாள். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் வேண்டும் என்று அழுகிற பிள்ளைகள் உண்டு. அவள் சின்ன வயதில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வருவாள். கண்டக்டர் வேலைக்கு வந்ததுகூட அந்த ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கலாம் என்றுதான்.

லாரி ஓட்டுகிற தன் தம்பியைப் பிடித்து, லீவு நாளெல்லாம் ஊருக்கு வெளியே பொட்டல் மைதானத்தில் பழகினாள். தனியாகப் போக வேண்டாமே என்று சின்னவள் கூட வந்தாள். "வீட்டுல இருந்தா அத்தை ஏதாவது வேலை சொல்லும்" என்பது அவள் காரணம். வந்தவள் சும்மா இருக்கவில்லை, இரண்டு சுற்று ஓட்டினாள். பிறகு நாலு சுற்று. பெரியவள் லைசென்ஸுக்கும் டிப்போ பரீட்சைக்கும் எழுதிப் போட்டபோது, நீயும் போடு என்று பேனாவைக் கொடுத்ததே பெரியவள்தான்.

பரீட்சை வைத்தவர் டிப்போ இன்ஸ்பெக்டர். ஆள் சிறிசு, வெடிப்பு பெரிசு. டிப்போ அவருக்கு வைத்த பெயர் கடுகு. பெரியவள் ஏறினாள். கேட்டுக்குப் பக்கத்து ஏற்றத்தில் கிளட்சைச் சீக்கிரம் விட்டு, எஞ்சின் செத்துப்போனது. மறுபடி போட்டாள், மறுபடி செத்தது. பஸ் பின்னால் உருண்டது.

"எறங்கு, எறங்கு, பின்னாடி இருக்கிற சுவத்துக்கும் உயிர் இருக்கு!" என்று வெடித்தார் கடுகு. அப்புறம் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னொரு பேர் இருக்கே, யாரு? நீயா? ஏறு" என்றார்.

சின்னவள் ஏறினாள். வீட்டு வாசல் கூட்டுகிற மாதிரி ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கினாள். பாஸ்.

அன்று வீடு சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். "பெரியவ பழகினா, சின்னவ ஓட்டினா" என்று மாமியார் தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள். பெரியவள் "நல்லா இருக்குடி, சந்தோஷம்டி" என்றாள். வாய் வாழ்த்தியது, வயிறு வேறு பாஷை பேசியது.

"அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே, விடேன்" என்றான் புருஷன்.

"நம்ம வீட்டு அடுப்புதானேன்னு கையை வச்சா சுடாதா?" என்றாள் இவள். அவன் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனான். இந்த மாதிரி நேரத்தில் புருஷன்களுக்கு வாசலில் வேலை வந்துவிடும்.

*

அந்த டிப்போவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கட்டிடம் அது. பஸ்களை உள்ளே பின்பக்கமாகத்தான் ஏற்ற முடியும். இரண்டு பக்கமும் இரும்புத் தூண்கள். தூணுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கை நுழையும், ஆள் நுழைய முடியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். பஸ் பின்னால் வரும்போது ஒருவர் அதன் முதுகோடு நடந்து, உள்ளங்கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவார். தட்டு கேட்கிறவரை வா. தட்டு நின்றால் நில். வாயைத் திறக்கக் கூடாது, அந்த இரைச்சலில் கத்துவது காற்றோடு போகும். தட்டு அப்படியில்லை. தகரம் வழியாக வந்து டிரைவரின் முதுகில் ஏறும்.

உள்ளே மூன்றாவது தூணுக்குப் பொய்த்தூண் என்று பெயர். அந்த இடத்தில் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். பஸ் லேசாகச் சாயும். கண்ணாடியில் பார்த்தால் தூண் பஸ்ஸைத் தொட்டுவிட்ட மாதிரி தெரியும். உண்மையில் ஒரு சாண் இடம் இருக்கும். அங்கே கண்ணாடியை நம்பித் திருப்பியவன் இடித்தான், தட்டை நம்பி நேராக வந்தவன் தப்பித்தான்.

பெரியவளின் இரண்டாவது பரீட்சையில், தட்டுவதற்கு வந்து நின்றவள் சின்னவள். "நான் தட்டுறேன் அக்கா" என்று தானாக வந்தாள். வேண்டாம் என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை.

இந்தத் தடவை எஞ்சின் சாகவில்லை. ஏற்றம் தாண்டினாள், தெருவைச் சுற்றினாள், ஷெட்டுக்குள் பின்னால் வந்தாள். முதல் தூண், இரண்டாவது தூண். மூன்றாவது தூண் கண்ணாடியில் பஸ்ஸோடு ஒட்டியது. பின்னால் தட்டு நிற்கவில்லை. டப், டப், டப். வா, வா, வா.

பொய்த்தூண் என்று பெரியவளுக்குத் தெரியாதா? டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மண்டைக்குள் வேறொன்று பேசியது. 'இடிக்கட்டும்னுதான் தட்டுறா. வீட்டுல ஒரு டிரைவர் போதும்னு நினைக்கிறா.' ஸ்டியரிங்கைத் திருப்பினாள். முன்பக்கம் விலகியது, வால் போய் எதிர்ப் பக்கத் தூணில் இடித்தது. பின்விளக்கு நொறுங்கிக் கொட்டியது.

"எறங்கு" என்றார் கடுகு. இந்தத் தடவை வெடிக்கவில்லை, அதுதான் மோசம். "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுலயும் விட்டேன்னா பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் விசில்தான்."

பெரியவள் யாரிடமும் தன் தப்பு என்று சொல்லவில்லை. சின்னவள் வேண்டுமென்றே தட்டிக்கொண்டே இருந்தாள், இடிக்க விட்டாள் என்று கேன்டீனில் சொன்னாள், ரெஸ்ட் ரூமில் சொன்னாள், வீட்டிலும் சொன்னாள். ஊர் வாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நடுவில் மாமியார்தான்.

"அத்தை, சோப்பு எங்கே வச்சாள்னு கேளுங்க."

"அத்தை, ஜன்னல் மேலன்னு சொல்லுங்க."

"நான் என்ன இந்த வீட்டு டெலிபோனா?" என்றாள் மாமியார். "ஒரு கை தூரத்துல நின்னுக்கிட்டு என் காதைத் தேய்க்கிறீங்க."

*

டிப்போவில் டியூட்டி போடுகிறவர்களுக்குக் குசும்பு இல்லாமல் இருக்காது. சின்னவள் ஓட்டுகிற பஸ்ஸிலேயே பெரியவளைக் கண்டக்டராகப் போட்டார்கள்.

பஸ், டிரைவர் கையில் இருக்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பஸ் விசிலில் இருக்கிறது. ஒரு விசில் நில், இரண்டு விசில் கிளம்பு. பெரியவள் அந்த விசிலை வைத்து விளையாடினாள். எல்லோரும் ஏறி முடிந்து, படிக்கட்டு காலியாக இருக்கும். இவள் டிக்கெட்டுக் கட்டைத் தட்டி நேராக்குவாள். பையை மாற்றித் தோளில் போடுவாள். தொண்டையைச் செருமுவாள். அதற்கப்புறம்தான் விசில். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இப்படித் தேய்த்தால் பஸ் லேட்டாகாமல் என்ன செய்யும்? லேட்டுக்குத் திட்டு டிரைவருக்குத்தான். கடுகு சின்னவளைத் திட்டும்போது பெரியவளுக்கு உள்ளே இனிக்கும். அந்த இனிப்பு அடுத்த ஸ்டாப் வரைக்கும்கூடத் தாங்காது. மறுபடி எரியும்.

ஒரு நாள் காலைக் கூட்டம். முன்சீட்டில் குடையோடு உட்கார்ந்திருந்த டீச்சரம்மா பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "இந்தப் பொண்ணு ஓட்டினா கையில டீயை வச்சுக்கிட்டே போகலாம். ஒரு சொட்டு சிந்தாது."

பெரியவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. விசிலை வாயில் வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ஊது ஊதினாள். பின்படியைப் பார்க்கவில்லை.

பின்படியில் ஒரு தையல்காரர் ஒரு காலை வைத்திருந்தார், இன்னொரு கால் ரோட்டில் இருந்தது. அக்குளில் துணி மூட்டை. பஸ் கிளம்பியது. கம்பியைப் பிடித்தபடி அவர் கூடவே ஓடினார், தொங்கினார், அலறினார். பஸ்ஸே அலறியது. பெரியவளுக்கு விசில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. "ஹோல்டேன்! ஹோல்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆணி அடித்த மாதிரி பஸ் நின்றது. தையல்காரர் தன் மூட்டை மேலேயே விழுந்தார். நல்லவேளை, மூட்டையில் இருந்தது துணி. அடி இல்லை. எழுந்து நின்று அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அத்தனையும் நியாயமான பேச்சு.

அவர் நேராக டிப்போவுக்கு வந்து புகார் சொன்னார். கடுகு இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"யாரு விசில் குடுத்தது? பார்த்தா குடுத்தே?" என்று பெரியவள் பக்கம் திரும்பினார்.

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள், "விசில் வர்றதுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுட்டேன் சார். உருண்டுடுச்சு. தப்பு என்னுது" என்றாள்.

கடுகு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் சின்னவளுக்கு ஒரு எச்சரிக்கையை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பாள். பெரியவள் அப்படிப்பட்டவள் இல்லை. யாரும் சும்மா குடை பிடிக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பஸ் கழுவுகிற குழாயடியில் சின்னவளை மடக்கினாள். பல நாள் கழித்து நேருக்கு நேர் பேச்சு.

"எதுக்குடி உன் தலையில போட்டுக்கிட்டே?"

"வேற யார் தலையில போடச் சொல்றீங்க?"

"நான்தான் பார்க்காம ஊதினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சு எதுக்குச் சொன்னே? நாளைக்கு என்னைக் குட்டிக்கிட்டே இருக்கலாம்னா?"

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். "உங்களைத் தூக்கிட்டா எனக்கு யாரைப் போடுவாங்க? அந்தத் தூங்குமூஞ்சியை. அவன் விசில் ஊதினா எச்சில்தான் வரும், சத்தம் வராது. நீங்க லேட்டா ஊதுவீங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? லேட்டா ஊதினாலும் பார்த்து ஊதுவீங்க. அதை நம்பித்தான் நான் திரும்பிக்கூடப் பார்க்காம வண்டியை எடுக்கிறேன். என் வசதிக்குத்தான் சொன்னேன், உங்களுக்காக இல்ல."

பாசம், பெருந்தன்மை என்று ஏதாவது சொல்லியிருந்தால் பெரியவள் ஒரு சொல்லைக்கூட நம்பியிருக்க மாட்டாள். சொந்த வசதிக்கு என்றதும் நம்பினாள். நம்பியதும் இன்னொன்று உறைத்தது. அத்தனை ஜனம் தொங்குகிற பஸ்ஸை இவள் என் விசிலை நம்பி எடுக்கிறாள். நான் இவள் கையை நம்பி ஒரு தூணைத் தாண்டவில்லை.

"உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

"தெரியாததைச் சொல்லுங்க. நீங்க குழம்பு ஊத்துற வேகத்துலயே தெரியுது."

"இல்லடி, நிஜமா. நீ தூங்கும்போதுகூட எரியுது. நீ நல்லா தூங்குறியேன்னு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள். சிரிப்புக்கு அடியில் கோபம் இருந்தது. "எரியட்டும். அது உங்க வயிறு. ஆனா வேணும்னே இடிக்க விட்டேன்னு ஊர் பூரா சொன்னீங்களே, அது என் கை அக்கா. நான் சோறு திங்கிற கை. அதைத் திருப்பிச் சொல்லணும். வீட்டுல எல்லாரும் இருக்கும்போது. டிப்போவுலயும்."

"சொன்னா?"

"சொன்னா தட்ட வரேன். சொல்லாட்டி தூங்குமூஞ்சியைத் தட்டச் சொல்லுங்க."

*

அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாமியார், புருஷன், கொழுந்தன், சின்னவள். பஸ் நிறைய ஜனத்தை அதட்டுகிறவளுக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்கு இவ தட்டினது சரி" என்றாள். "நான்தான் நம்பாம திருப்பினேன். இவ மேல பழியைப் போட்டேன். பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

புருஷன் வாயில் போட்டதை மெல்ல மறந்துவிட்டான்.

"இந்த ரெண்டு வார்த்தைக்காகவா இத்தனை நாளா என்னை டெலிபோன் ஆக்கினீங்க?" என்றாள் மாமியார். "நல்லவேளை, லைன் கட் ஆச்சு. சாப்பிடுங்க."

வீடு பரவாயில்லை. டிப்போதான் கஷ்டம். மறுநாள் கேன்டீனில், டீக் குடிக்கிற அத்தனை டிரைவர் முன்னாலும் நின்று அதையே சொன்னாள். ஒருவன், "அப்போ விளக்கு உடைஞ்சதுக்கும் பொறாமைதான் காரணமா? ஸ்பேர் பார்ட்ஸ்ல பொறாமைன்னு எழுதிடலாமா?" என்றான். கூட்டம் சிரித்தது. பெரியவள் முகம் சிவந்தது, ஆனால் ஓடவில்லை. "எழுதிக்கோ, கூடவே உன் பேரையும் எழுதிக்கோ. போன வருஷம் கண்ணாடி உடைச்சியே, அதுக்கு என்ன காரணம்?" என்றாள். இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. மூலையில் உட்கார்ந்திருந்த சின்னவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். "வாங்க அக்கா, ஷெட் காலியா இருக்கு."

பழக்கம் ஆரம்பித்தது. சின்னவள் முதலில் செய்த வேலை, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் துண்டைப் போட்டுக் கட்டியது.

"என்னடி இது?"

"கண்ணு தெரிஞ்சா நீங்க என்னை நம்ப மாட்டீங்க. கண்ணு இல்லாம வாங்க."

முதல் நாள் பெரியவள் மூன்றாவது தூண் வரும் நேரம் என்று தோன்றியதுமே பிரேக்கை மிதித்தாள். தட்டு வந்துகொண்டே இருந்தது, இவள் நின்றாள். மறுபடி எடுத்தாள், மறுபடி நின்றாள்.

பின்னாலிருந்து சின்னவள் ஓடி வந்தாள். "காதை வச்சுக்கிட்டு என்ன பண்றே? நான் தட்டுறேன்ல, வாயேன்!"

"என்னடி, வா போன்னு பேசுறே?"

"தட்டும்போது நான் உங்க ஓரகத்தி இல்ல, பஸ்ஸோட பின்பக்கம். பின்பக்கத்துக்கு மரியாதை தெரியாது."

பெரியவள் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எடுத்தாள், பொய்த்தூண் எங்கே வந்தது எங்கே போனது என்றே தெரியவில்லை. பஸ் உள்ளே போய் நின்றிருந்தது.

அதற்காக எரிச்சல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சின்னவள் ஒரே மூச்சில் பஸ்ஸைப் பின்னால் ஏற்றிக் காட்டும்போது பெரியவளுக்கு மறுபடி வயிறு காந்தும். காந்தும்போது முன்பெல்லாம் வாயை மூடிக்கொள்வாள், இப்போது கேட்டாள். "முதல் தூண்ல ஸ்டியரிங்கை எப்போ ஒடிக்கிறே? கால் கிளட்ச்ல பாதியா, முழுசா?" சின்னவள் சொன்னாள், இவள் செய்தாள். கேள்வி கேட்டால் எரிச்சல் பாதி இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. அது கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

கடைசிப் பரீட்சையன்று காலை டிப்போவில் வேலை இருந்தவனும் நின்றான், வேலை இல்லாதவனும் நின்றான். விழுந்தால் பார்க்கலாம் என்று வந்தவர்கள் பாதி. மீதிப் பேர் ஜெயித்தாலும் பார்க்கலாம் என்று வந்தவர்கள்.

கடுகு சந்தேகத்தோடு பார்த்தார். "ஓட்டுறதும் தட்டுறதும் ஒரே வீடா? ஏதாவது ஜாடை காட்டினா, வாயைத் திறந்தா, ரெண்டு பேரையும் எறக்கிடுவேன்."

"திறக்க மாட்டேன் சார்" என்றாள் சின்னவள். அதோடு உதட்டை ஒட்டிக்கொண்டாள்.

கடுகு பெரியவள் பக்கத்தில் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தார். ஏற்றம். எஞ்சின் பெருமூச்சு விட்டது, சாகவில்லை. தெரு. சந்தைக் கூட்டம், சைக்கிள், முறைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்ற நாய், எல்லாம் தாண்டி ஒரு சுற்று. திரும்பி டிப்போ. ஷெட் வாசலில் பஸ்ஸின் முதுகைத் திருப்பினாள். பின்னால் முதல் தட்டு விழுந்தது. டப்.

முதல் தூண், இரண்டாவது தூண். மூன்றாவது தூண் கண்ணாடியில் வந்து பஸ்ஸோடு ஒட்டியது. இந்தத் தடவை துண்டு இல்லை, எல்லாம் தெரிந்தது. திருப்பு, திருப்பு என்று வயிறு சொன்னது. டப், டப், டப் என்று முதுகு சொன்னது. கை அசையவில்லை. தூண் கண்ணாடியில் பெரிதாகி, இன்னும் பெரிதாகி, முன்னால் நழுவிப் போனது. ஒரு கீறல் இல்லை. வெளியே யாரோ விசிலடித்தார்கள்.

இனி மஞ்சள் கோடுதான். முன்சக்கரம் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் பாஸ், தொடாவிட்டால் இல்லை. கோடு கிட்டே வந்துவிட்டது.

தட்டு நின்றது.

பெரியவள் பிரேக்கை மிதித்தாள்.

"ஏன் நின்னே?" என்றார் கடுகு. "கோடு இன்னும் வரலையே. வா."

"தட்டு நின்னுடுச்சு சார்."

"கண்ணாடியைப் பாரு. ரெண்டு பக்கமும் காலியா கிடக்கு."

பார்த்தாள். காலியாகத்தான் கிடந்தது. "காலிதான் சார். ஆனா தட்டு வரல."

"நான் சொல்றேன், எடு! இப்ப எடுக்கலேன்னா ஃபெயில்!"

அந்த நேரத்தில் பழைய நினைப்பு வந்ததா? வந்தது. வராமல் இருக்குமா? 'கடைசி நேரத்துல கையை நிறுத்திட்டா பாரு. இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, கோட்டுக்கு முன்னாடி கவுத்துட்டா.' நன்றாக, தெளிவாக, காதுக்குள் ஓதியது. பெரியவள் அதைக் கேட்டாள், கேட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஃபெயில்னே எழுதிக்குங்க சார். அவ தட்டாம இந்த பஸ் ஒரு அங்குலம் நகராது."

கடுகு வெடித்தார். எஞ்சின் பெட்டியிலிருந்து குதித்தார், படியில் இறங்கினார், "யாருக்கு யாரு ரூல் சொல்றது?" என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் பின்னால் போனார்.

பின்னால் போனதும் சத்தம் நின்றது.

அப்புறம் ஷெட்டின் அந்தக் கோடியில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சேர்ந்தான். சிரிப்பு தூண் தூணாகத் தாவி வாசலுக்கு வந்தது. பெரியவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்னாச்சு?"

"சாரோட ஸ்கூட்டர்!" என்றான் ஒரு டிரைவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "தரையைக் கழுவறதுக்காக நகர்த்தி நடுவுல விட்டிருக்காங்க! நீ வந்திருந்தா அப்பளம்!"

பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு உள்ளங்கை நுழையாது. இரண்டு கண்ணாடியும் இரண்டு பக்கத்தைக் காட்டும், நேர் பின்னால் இருப்பதை எது காட்டும்? சின்னவள் அங்கே கையை அந்தரத்தில் நிறுத்தியபடி நின்றாள். உதடு இன்னும் ஒட்டியிருந்தது. சிரிப்பை அடக்கி அடக்கி முகம் வீங்கியிருந்தது.

கடுகு தன் ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். "சார், உங்க வண்டி பாஸ்!" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தார், ஏறினார், எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ம்" என்றார்.

டப்.

டப், டப், டப்.

முன்சக்கரம் மஞ்சள் கோட்டில் ஏறி நின்றது.

"பாஸ்" என்றார் கடுகு. முள்ளைத் துப்புகிற மாதிரி சொன்னார். ஆனாலும் சொன்னார்.

ஷெட்டின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம். விழுந்தால் பார்க்கலாம் என்று வந்தவர்கள்தான் அதிகமாகக் கை தட்டினார்கள், அவர்கள் அப்படித்தான். நிறுத்தியிருந்த பஸ்களில் ஏறி எல்லா ஹாரனையும் அழுத்தினார்கள். பெரியவள் இறங்கக் காலை வைத்தாள், இறங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் ஓடி வந்து அவள் முன்னால் நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"எப்படிக்கா நின்னீங்க? அவர் கத்தின கத்துல நானா இருந்தா எடுத்திருப்பேன்."

"நீ தட்டல. அப்புறம் எப்படி வர்றது?" என்றாள் பெரியவள். கண் கலங்கியது. அது சந்தோஷத்தால்தான் என்று சின்னவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

*

பெரியவளுக்கு பஸ் கொடுத்தார்கள். டிப்போவிலேயே மூத்த தகரம். கதவைச் சாத்தினால் ஜன்னல் திறக்கும். அதே வாரம் புதிதாக வந்த பஸ் சின்னவளுக்குப் போனது. சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியாத பஸ்.

"வயிறு எரியுதுடி" என்றாள் பெரியவள், புது பஸ்ஸைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு. எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

"எரியட்டும், டீசல் மிச்சம்" என்றாள் சின்னவள். "உங்க வண்டில மூணாவது கியர் ஒட்டும். பலமா இழுக்காதீங்க, தட்டிவிட்டு இழுங்க."

முதல் நாள், முதல் டிரிப். கேட்டுக்கு வெளியே முதல் ஸ்டாப்பிலேயே மாமியார் நின்றுகொண்டிருந்தாள், வெளுத்த புடவை கட்டி, தலை வாரி. எங்கேயும் போக வேண்டிய வேலை அவளுக்குக் கிடையாது. ஏறினாள். டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் ஒரு ஆளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டுறது என் மருமக" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "பெரியவ. சின்னவளும் ஓட்டுவா. வீட்டுல ரெண்டு டிரைவர்."

"யாரு பாட்டி நல்லா ஓட்டுவாங்க?" என்றான் ஒருவன், ஊர்ச்சண்டை மூட்டுகிறவன்.

பெரியவளுக்குக் காது விறைத்தது. கை ஸ்டியரிங்கை இறுக்கியது.

மாமியார் யோசித்தாள். "சின்னவ ஓட்டினா தூக்கம் வரும்" என்றாள். "இவ ஓட்டினா முழிச்சுக்கிட்டு இருக்கணும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. சுருக்கென்று குத்தியது பெரியவளுக்கு, பழைய இடத்திலேயே குத்தியது. அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தாள். பின்னால் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். வேகம் பிடித்ததும் மூன்றாவது கியரைத் தட்டினாள், இழுத்தாள், விழுந்தது.

"முழிச்சிருங்க அத்தை" என்று கத்தினாள், "வளைவு வருது!" அத்தனை ஜனத்தையும் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் திரும்பினாள்.